லேப்டாப்பில் பாஸ், கிளவுடில் ஃபெயில்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

உங்கள் லேப்டாப்பில் 40 டெஸ்டும் பச்சை. அதே 40-ஐ பிரவுசர்ஸ்டாக், சாஸ் லேப்ஸ் மாதிரி, தொலைவில் உள்ள இயந்திரங்களில் பிரவுசரை வாடகைக்குத் தரும் ஒரு கிளவுட் தளத்தில் ஓட்டினால் 15 சிவப்பு. நிரல் மாறவில்லை, வெப்சைட்டும் மாறவில்லை. இந்த நிலையில் பலரும் செய்வது இரண்டுதான்: ஆங்காங்கே 5 வினாடி ஸ்லீப் (சும்மா காத்திருக்கும் வரி) செருகுவார்கள், இல்லையென்றால் ஃபெயிலானால் 3 முறை திரும்ப ஓட்டும்படி ரீட்ரை போடுவார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கிளவுடில் உள்ள பிரவுசருக்குத் திரை சிறியது, கடிகாரம் வேறு, எழுத்துரு வேறு, நெட்வொர்க் தூரம் அதிகம். உங்கள் வெப்சைட்டைத் திறக்கப்போகிறவர்களின் கணினிகளும் இப்படித்தான் பல விதமாக இருக்கும். அங்கே விழும் டெஸ்ட் பல நேரம் உண்மையான குறையைக் காட்டிக்கொடுக்கிறது. அதை ரீட்ரை போட்டு மூடினால் அந்தக் குறை நேராகப் பயனரிடம் போய்ச் சேரும்.

பிரவுசரை நிரலால் இயக்கும் கருவியான செலினியத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதே வேலைக்கான இன்னொரு கருவியான பிளேரைட் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெயர்கள் மாறும், காரணங்களில் பெரும்பாலானவை மாறாது.

முதலில் ஒரு கேள்வி: எது வரை போயிற்று?

பிழைச் செய்தியை மட்டும் படித்துவிட்டு நிரலைத் திருத்தப் போகாதீர்கள். கிளவுட் தளத்தின் டாஷ்போர்டைத் திறந்து, அந்த ஓட்டத்துக்கு ஒரு செஷன் (உங்கள் டெஸ்டுக்காகத் திறந்த ஒரு பிரவுசர் இணைப்பு) பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். செஷனே இல்லையென்றால் சிக்கல் உங்கள் கணக்கிலோ அமைப்பிலோ இருக்கிறது, வெப்சைட்டைத் தொடவே வேண்டாம். செஷன் இருந்து வீடியோவில் வெள்ளைப் பக்கம் தெரிந்தால் நெட்வொர்க். பக்கம் முழுதாக வந்த பிறகு நின்றிருந்தால் அப்போதுதான் டெஸ்ட் நிரலைச் சந்தேகிக்க வேண்டும். வீடியோ பார்க்கும்போது கூடவே டெக்ஸ்ட் லாகையும் திறந்து வையுங்கள். ஒவ்வொரு கட்டளையும் எத்தனை மணிக்குப் போனது, என்ன பதில் வந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும். கடைசியாக வெற்றி பெற்ற கட்டளை எது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: செஷனே உருவாகவில்லை

401 என்று வந்தால் பயனர் பெயரோ அணுகல் சாவியோ போய்ச் சேரவில்லை. சாவி சரிதான் என்று நீங்கள் சொல்லலாம். அது எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டெஸ்டைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸிலோ கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலோ ரகசிய மதிப்பாக ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடமோ புதுவரிக் குறியோ சேர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சாவியின் நீளத்தை மட்டும் லாகில் அச்சிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் அதுதான். இன்னொன்று: வெளியாள் ஒருவர் உங்கள் நிரலை ஃபோர்க் செய்து (தன் நகலாக எடுத்து) மாற்றி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுக்கு கிட்ஹப் ரகசிய மதிப்புகளைக் கொடுக்காது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் கிளையில் ஓடி, அவர் கிளையில் 401 வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

‘செஷன் நாட் கிரியேட்டட்’ அல்லது ‘இன்வேலிட் ஆர்கியுமென்ட்’ வந்தால் கேப்பபிலிட்டிகளை, அதாவது எந்த பிரவுசர், எந்த அமைப்பு வேண்டும் என்று நீங்கள் அனுப்பும் பட்டியலைப் பாருங்கள். பிரவுசரை இயக்கும் கட்டளை முறையான வெப்டிரைவர் 2018 ஜூனில் டபிள்யூ3சி (வெப் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரமானது. 2021 அக்டோபரில் வந்த செலினியம் 4 அந்தத் தரத்தை மட்டுமே பேசுகிறது. பழைய பயிற்சிக் குறிப்புகளில் இருப்பதுபோல் திரை அளவு, பில்டு (ஒரு முறை சேர்ந்து ஓடும் டெஸ்ட் தொகுதி) பெயர், இயங்குதளம் எல்லாவற்றையும் மேல்மட்டத்தில் கலந்து கொட்டினால் அது ஏற்காது. தரத்தில் இல்லாத எந்தப் பெயருக்கும் முன்னொட்டும் முக்காற்புள்ளியும் வேண்டும். பிரவுசர்ஸ்டாக்கில் அது ‘பிஸ்டாக்:ஆப்ஷன்ஸ்’, சாஸ் லேப்ஸில் ‘சாஸ்:ஆப்ஷன்ஸ்’. தளத்துக்கே உரிய அமைப்புகள் அத்தனையும் அந்த உறைக்குள் போக வேண்டும். கையால் எழுதாமல், அந்தந்தத் தளத்தின் கேப்பபிலிட்டி ஜெனரேட்டர் பக்கத்தில் தேர்வு செய்து நகலெடுங்கள். இல்லாத பிரவுசர்-இயங்குதளச் சேர்க்கைகளும் இதே பிழையைத்தான் தரும், விண்டோஸ் 11-இல் சஃபாரி கேட்பது மாதிரி.

மூன்றாவது வகை, வரிசையில் காத்திருந்து நேரம் முடிவது. ஒரே நேரத்தில் ஓடும் 5 இணை ஓட்டங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள், 5 டெஸ்ட்தான் ஓட்டுகிறீர்கள், ஆனாலும் இடமில்லை என்கிறது. காரணம், முந்தைய ஓட்டத்தின் செஷன்கள் இன்னும் சாகவில்லை. ‘க்ளோஸ்’ கட்டளை ஒரு ஜன்னலை மட்டும் மூடும், செஷனை விடுவிப்பது ‘க்விட்’. அதையும் டெஸ்டின் கடைசி வரியில் வைத்தால் நடுவில் பிழை வந்தவுடன் அந்த வரிக்குப் போகவே போகாது. எது நடந்தாலும் டெஸ்டின் முடிவில் ஓடும் டியர்டவுன் பகுதியில் க்விட் இருக்க வேண்டும்.

அறிகுறி: பிரவுசர் திறக்கிறது, பக்கம் வரவில்லை

வீடியோவில் ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்ற குரோமின் சாம்பல் பக்கம் தெரியும். உங்கள் டெஸ்ட் லோக்கல்ஹோஸ்டை (‘இதே கணினி’ என்று பொருள்படும் முகவரி) திறக்கச் சொன்னால், கிளவுட் பிரவுசர் தன்னுடைய இயந்திரத்தின் லோக்கல்ஹோஸ்டைத்தான் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லை. உங்கள் கணினிக்கோ அலுவலக நெட்வொர்க்குக்கோ பாதை போட டன்னல் வேண்டும். ஒவ்வொரு தளமும் அதற்கென ஒரு சிறிய புரோகிராம் தருகிறது.

டன்னல் ஓடியும் வரவில்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள். கேப்பபிலிட்டியில் டன்னலைப் பயன்படுத்து என்று சொல்லியிருக்கிறீர்களா? டன்னலுக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்திருந்தால் கேப்பபிலிட்டியிலும் அதே பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? டெஸ்ட் தொடங்கும்போது டன்னல் தயாராக இருந்ததா? இந்த மூன்றாவதுதான் அதிகம் மாட்டும். பில்டு ஸ்கிரிப்டில் டன்னலைப் பின்னணியில் தொடங்கிவிட்டு அடுத்த வரியிலேயே டெஸ்டைத் தொடங்கினால், டன்னல் இணைப்பு எழுவதற்கு முன் முதல் இரண்டு மூன்று டெஸ்ட்கள் போய் விழும், மீதி எல்லாம் பாஸாகும். ‘முதல் சிலது மட்டும் எப்போதும் ஃபெயில்’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் கேட்பேன். டன்னல் தன் லாகில் தயார் என்று எழுதும் வரியைக் கண்ட பிறகே டெஸ்டைத் தொடங்கும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள்.

குரோமில் லோக்கல்ஹோஸ்ட் வருகிறது, சஃபாரியிலும் ஐபோனிலும் மட்டும் வரவில்லை என்றால் அது அந்த பிரவுசரின் கட்டுப்பாடு. பிரவுசர்ஸ்டாக் இதற்காகவே ‘பிஎஸ்-லோக்கல் டாட் காம்’ என்ற முகவரியை வைத்திருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் இருக்கும் இடத்தில் அதைப் போட்டால் போதும், போர்ட் எண் அப்படியே இருக்கலாம்.

ஸ்டேஜிங் (வெளியிடும் முன் சோதிக்கும்) சர்வரில் நீங்களே கையொப்பமிட்ட சான்றிதழ் வைத்திருந்தால் எச்சரிக்கைப் பக்கத்தில் நின்றுவிடும். அதற்கு ‘அக்செப்ட் இன்செக்யூர் செர்ட்ஸ்’ என்ற கேப்பபிலிட்டி தரத்திலேயே இருக்கிறது. புரொடக்‌ஷன் வெப்சைட்டை (பயனர்கள் பார்ப்பதை) சோதிக்கும்போது மட்டும் அதை அணைத்து வையுங்கள். சான்றிதழ் காலாவதியானால் டெஸ்ட் கத்த வேண்டும்.

அறிகுறி: எலிமென்ட் கிடைக்கவில்லை, அல்லது கிளிக் விழவில்லை

அதிக நேரம் தின்பது இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் திரை அளவு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பல தளங்களில் டெஸ்க்டாப் இயந்திரம் 1024-க்கு 768 பிக்சல் திரையோடு வரும். உங்கள் மானிட்டர் 1920. உங்கள் மெனு, பக்க வடிவமைப்புக்கான பூட்ஸ்டிராப்பின் எக்ஸ்எல் அளவில், அதாவது 1200 பிக்சலில் விரியும்படி எழுதப்பட்டிருந்தால், 1024-இல் மெனு முழுவதும் மூன்று கோடு பட்டனுக்குள் சுருண்டுவிடும். ‘எனது கணக்கு’ என்ற இணைப்பு எச்டிஎம்எல்லில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. செலினியம் ‘எலிமென்ட் நாட் இன்டராக்டபிள்’ என்கிறது. வீடியோவை 2 வினாடி பார்த்தால் புரிந்துவிடும் இந்த விஷயத்துக்காக அரை நாள் லொக்கேட்டரை (எலிமென்டைத் தேடும் குறிப்பை) மாற்றி மாற்றி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘மேக்ஸிமைஸ்’ போட்டாலும் பயனில்லை, 1024 திரையில் மேக்ஸிமைஸ் என்றால் 1024 தான். திரைத் தெளிவுத்திறனைக் கேப்பபிலிட்டியிலேயே கேட்டு வாங்க வேண்டும். அப்படி 1920 வாங்கியபின் எல்லாம் பச்சையானாலும் ஒரு ஓட்டத்தை 1024-லேயே விட்டு வையுங்கள் என்பது என் கருத்து. பழைய லேப்டாப்பில் திறப்பவர்களுக்கு அந்த மெனுதான் தெரியும், அதையும் யாராவது சோதிக்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. வெப்டிரைவர் தரத்தில் பக்கம் ஏறுவதற்கான காலக்கெடு இயல்பாக 300 வினாடி, ஸ்கிரிப்டுக்கு 30 வினாடி, எலிமென்டைத் தேடும் இம்ப்ளிசிட் காத்திருப்பு பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் முக்கியம். தேடும் கணத்தில் எலிமென்ட் இல்லையென்றால் உடனே பிழை. உங்கள் கணினியில் ஏபிஐ பதில் 50 மில்லிவினாடியில் வந்து பட்டியல் நிரம்பியிருக்கும், கிளவுடில் இருந்து அதே சர்வருக்குப் போய்வர நேரம் கூடும். இதற்கு ஸ்லீப் மருந்தில்லை. எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அந்த நிபந்தனையைச் சொல்லுங்கள், இதுதான் எக்ஸ்பிளிசிட் காத்திருப்பு: இந்தப் பட்டியலில் ஒரு வரிசையாவது வரும்வரை, இந்தச் சுழலும் வட்டம் மறையும்வரை, இந்த பட்டன் அழுத்தக்கூடியதாக ஆகும்வரை. நிபந்தனை நிறைவேறியதும் அது உடனே நகரும், ஸ்லீப் போல 5 வினாடியை வீணாக்காது.

இம்ப்ளிசிட்டையும் எக்ஸ்பிளிசிட்டையும் ஒரே டெஸ்டில் கலக்க வேண்டாம். செலினியம் ஆவணமே இதை எச்சரிக்கிறது: 10 வினாடி இம்ப்ளிசிட், 15 வினாடி எக்ஸ்பிளிசிட் என்று வைத்தால் 20 வினாடிக்குப் பிறகுகூட நேரம் முடியலாம். கணக்கு எப்படியும் இடிக்கும். இம்ப்ளிசிட்டைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள்.

‘கிளிக் இன்டர்செப்டட்’ வந்தால் செய்தியை முழுதாகப் படியுங்கள். குரோம் அந்தக் கிளிக்கை வாங்கிக்கொண்ட எலிமென்ட் எது என்று அதிலேயே சொல்லும். பெரும்பாலும் குக்கி ஒப்புதல் பட்டையாகவோ மேலே ஒட்டிய தலைப்புப் பட்டையாகவோ இருக்கும். கிளவுடில் ஒவ்வொரு செஷனும் புத்தம் புது பிரவுசர், அதனால் குக்கிப் பட்டை ஒவ்வொரு முறையும் வரும். உங்கள் கணினியில் சேமித்து வைத்த பிரவுசர் புரொஃபைலோடு ஓட்டினால், எப்போதோ ‘சரி’ அழுத்தியது அதில் பதிவாகி இருக்கும். பட்டையை மூடும் படியை டெஸ்டில் சேருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கட்டாயக் கிளிக் போடுவது வேண்டாம். மனித விரலால் அழுத்த முடியாத பட்டனை டெஸ்ட் அழுத்திக் காட்டினால் அந்தப் பச்சை பொய்.

‘ஸ்டேல் எலிமென்ட்’ என்றால் நீங்கள் பிடித்து வைத்த எலிமென்டை, பக்கத்தை வரையும் ரியாக்ட் போன்ற ஒரு நிரல்தொகுப்பு அழித்துப் புதிதாக வரைந்துவிட்டது. எலிமென்டை மாறியில் சேமிக்காமல் தேவைப்படும் இடத்தில் திரும்பத் தேடுங்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போதே செஷன் அறுந்துபோகிறது

டெக்ஸ்ட் லாகில் கடைசி இரண்டு கட்டளைகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பிரவுசர்ஸ்டாக்கிலும் சாஸ் லேப்ஸிலும் இயல்பான ஐடில் (சும்மா இருக்கும்) காலக்கெடு 90 வினாடி. அதற்குள் அடுத்த கட்டளை வராவிட்டால் செஷனை மூடிவிடுவார்கள். டெஸ்ட் நடுவில் டேட்டாபேஸில் தரவு நிரப்பினீர்களா, மின்னஞ்சல் வரக் காத்திருந்தீர்களா, பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்களா என்று யோசியுங்கள். தரவு தயாரிப்பை செஷன் திறப்பதற்கு முன்னால் நகர்த்துவது நல்ல தீர்வு. காலக்கெடுவைக் கூட்டவும் அமைப்பு உண்டு, ஆனால் கூட்டிய அளவுக்கு இறந்த செஷன்கள் உங்கள் இணை ஓட்ட இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: பகலில் பாஸ், இரவில் மட்டும் ஃபெயில்

எங்கள் அணியில் நடந்தது இது. பேருந்து முன்பதிவு மாதிரி ஒரு பக்கம். பயணத் தேதியாக நாளையைத் தேர்ந்தெடுக்கும் டெஸ்ட். பில்டு தினமும் இரவு 2 மணிக்கு ஓடும். மாதம் முழுக்கப் பச்சை, மாதம் பிறக்கும் இரவில் மட்டும் சிவப்பு. பகலில் கையால் ஓட்டினால் அப்போதும் பச்சை. நாங்கள் மூன்று மாதம் இதை ‘ஃப்ளேக்கி’ (காரணமின்றி அவ்வப்போது விழுவது) என்று பெயரிட்டு ஒதுக்கினோம். நான்காவது மாதம் வீடியோவைக் கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்த்தபோதுதான் காலண்டர் தலைப்பு கண்ணில் பட்டது. ஜூலை 1 அதிகாலை 2 மணிக்கு எடுத்த வீடியோவில் காலண்டர் ஜூன் மாதத்தைத் திறந்து நின்றது.

கிளவுட் இயந்திரத்தின் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். நள்ளிரவு 12-இலிருந்து காலை 5:30 வரை அந்த பிரவுசருக்கு இன்னும் நேற்றுத்தான். டெஸ்ட் நிரல் பில்டு சர்வரில் ஓடியது, அங்கே ஜூலை 1. ஆகவே ‘2’ என்ற எண்ணைத் தேடி அழுத்தியது. மற்ற நாட்களில் தேதி ஒன்று தள்ளியிருந்தாலும் அந்த எண் அதே மாதத்தில் முன்னால் இருந்ததால் அழுத்த முடிந்தது. ஜூன் மாதக் காலண்டரிலோ 2-ஆம் தேதி கடந்துபோன நாள், அழுத்த முடியாதபடி மங்கலாகிவிட்டது.

திருத்தம் இரண்டு. தளம் நேர மண்டலத்துக்குக் கேப்பபிலிட்டி தந்தால் இந்திய நேரத்துக்கான பெயரான கொல்கத்தா என்று வையுங்கள். அதோடு, ‘இன்று’ எது என்பதை டெஸ்ட் நிரலின் கடிகாரத்தில் எடுக்காமல், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பிரவுசரிடமே கேட்டு வாங்குங்கள். அதற்கப்புறம் எங்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வர டிக்கெட் எடுப்பவர்களுக்கும் அந்தக் காலண்டர் அவர்கள் ஊர் தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஒதுக்கி வைத்த டெஸ்ட் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அறிகுறி: தமிழ்ப் பக்கத்தில் மட்டும் சிக்கல்

ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்துக்குப் பதில் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் அந்த லினக்ஸ் இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துரு இருந்தாலும் ஒன்றாக இருக்காது. விண்டோஸில் நிர்மலா யுஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ‘பதிவிறக்கம் செய்யவும்’ என்ற பட்டன் ஓரிடத்தில் ஒரே வரி, இன்னோரிடத்தில் இரண்டு வரியாக மடிந்து கீழே உள்ளதைத் தள்ளிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு வெப்ஃபான்டை உங்கள் வெப்சைட்டிலேயே வைத்து, எழுத்துரு ஏறி முடிந்ததா என்று உறுதி செய்த பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இன்னொன்று கண்ணால் பிடிக்கவே முடியாதது. எதிர்பார்த்தது ‘கொழும்பு’, கிடைத்தது ‘கொழும்பு’, டெஸ்ட் ஃபெயில். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக (தசம எண் 3018) வைக்கலாம், அல்லது எகரக் கொம்பையும் துணைக்காலையும் (3014, 3006) தனித்தனியே வைக்கலாம். திரையில் ஒரே தோற்றம், கணினிக்கு வெவ்வேறு சரம். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) முறையில் இயல்பாக்கினால் சரியாகிவிடும். ஔகாரத்தில் மட்டும் அது கைகொடுக்காது. யாராவது கொம்பையும் ‘ள’ எழுத்தையும் சேர்த்து ‘கௌ’ போலத் தட்டியிருந்தால் அது எழுத்துப்பிழைதான். உள்ளடக்கத்தைத் திருத்த வேண்டும், டெஸ்டை அல்ல. இப்படிப் பிரிந்து கிடக்கும் சொல் உங்கள் தளத்தின் தேடலிலும் சிக்காது என்பதால் இதை ஒரு நிஜமான பிழையாகவே பதிவு செய்யுங்கள்.

சில சின்ன அறிகுறிகள்

சஃபாரியில் மட்டும் லாகின் நிற்கவில்லை, லாகின் பெட்டி வேறு டொமைனிலிருந்து ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்தில்) வருகிறது என்றால், மூன்றாம் தரப்புக் குக்கிதான் காரணம். சஃபாரி 2020 மார்ச் முதல் அவற்றை முழுவதும் தடுக்கிறது. டெஸ்டால் இதைச் சரிசெய்ய முடியாது, லாகின் வடிவமைப்பு மாற வேண்டும்.

ஃபைல் அப்லோடில் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ வந்தால், நீங்கள் கொடுத்த பாதை உங்கள் கணினியில் உள்ளது, பிரவுசரோ வேறு இயந்திரத்தில் இருக்கிறது. ஜாவாவில் ரிமோட் டிரைவருக்கு ‘லோக்கல் ஃபைல் டிடெக்டர்’ அமைத்தால் கோப்பை அதுவே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எல்லாம் பாஸ், ஆனால் தாங்க முடியாத மெதுவு என்றால் கட்டளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டளையும் நெட்வொர்க்கில் போய்வரும் ஒரு எச்டிடிபி கோரிக்கை. 50 வரிசை, 6 பத்தி உள்ள அட்டவணையை ஒவ்வொரு கட்டமாகப் படித்தால் 300 கட்டளை. ஒன்றுக்கு 200 மில்லிவினாடி என்றாலும் ஒரு முழு நிமிடம். அட்டவணை மொத்தத்தையும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் அழைப்பில் வாங்கி, ஒப்பீட்டை உங்கள் பக்கத்தில் செய்யுங்கள்.

அறிகுறி: டெஸ்ட் ஃபெயில், டாஷ்போர்டில் அப்படித் தெரியவில்லை

கிளவுட் தளத்துக்குத் தெரிவது பிரவுசருக்கு வந்த கட்டளைகள் மட்டுமே. ‘மொத்தத் தொகை 450 ஆக இருக்க வேண்டும்’ என்ற ஒப்பீடு உங்கள் கணினியில் நடக்கிறது. அது தோற்றது தளத்துக்குத் தெரியாது. கட்டளைகள் ஒழுங்காகப் போய், க்விட்டும் வந்ததால் அது முடிந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். முடிவை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் அதற்கென ஒரு சிறப்பு ஸ்கிரிப்ட் கட்டளையோ ஏபிஐயோ இருக்கிறது. டியர்டவுனில், க்விட்டுக்கு முந்தைய வரியில் அதை வையுங்கள். கூடவே தோற்ற காரணத்தையும் ஒரு வரியாக அனுப்புங்கள், மறுநாள் காலையில் டாஷ்போர்டைத் திறப்பவர் 40 வீடியோவையும் பார்க்க வேண்டியிருக்காது.